எல்லாருக்கும் போன அண்ணன் பக்கம்

மாசாணியம்மாளுடைய மகள் எழில் என்ன வேலை செய்கிறாள் என்று அன்னூரில் அவர்கள் தெருவில் கேட்டால், பாதிப்பேர் "கம்ப்யூட்டருங்க" என்பார்கள், மீதிப்பேர் "சரவணம்பட்டிங்க" என்பார்கள். இரண்டும் சரிதான். சத்தி ரோட்டில் பஸ் ஏறி சரவணம்பட்டிக்குப் போகிறாள், கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறாள், பொழுது சாய வீடு வருகிறாள். ஆனால் அங்கே அவள் உண்டாக்குவது என்ன என்று கேட்டால், யாராவது கேட்கும்போது மட்டும் பிறக்கிற இணையப் பக்கங்களை என்றுதான் சொல்ல வேண்டும்.

மாசாணி எனக்குத் தங்கச்சி முறை, என் சின்னம்மா பெண். அவள் வீட்டுக்காரர் சுப்பையன் தோட்டத்துக் கூலி வேலை பார்த்து, பிறகு மில்லில் மூட்டை தூக்கி, மகள் வேலைக்குச் சேர்ந்த வருசம்தான் கண்ணை மூடினார். பிள்ளைகள் இரண்டு பேர். மூத்தவன் கௌதமன், இளையவள் எழில்.

எழிலைச் சின்னதில் கூப்பிட்டால் உடனே திரும்ப மாட்டாள். ஆத்தாக்காரி கடலைக்காட்டில் களை எடுக்கும்போது இவள் வரப்பில் உட்கார்ந்து மோட்டார் தண்ணீர் வாய்க்காலில் வருவதையே பார்த்துக்கொண்டிருப்பாள். கண் திறந்திருக்கும், ஆள் எங்கேயோ போயிருப்பாள். பிறகு கேட்பாள். தண்ணி எங்கிருந்து வருது? கிணத்திலிருந்து. கிணத்துக்கு எங்கிருந்து வருது? அதுக்கு அங்கிட்டு எங்கிருந்து? மற்றவர்கள் "போடீ அக்கட்டால" என்று சொல்லிவிடுவார்கள். ஓயாமல் பதில் சொன்னவன் கௌதமன்தான். தெரியாததற்கும் ஏதாவது ஒன்றைக் கட்டிவிட்டுச் சொல்லுவான். பூமிக்கு அடியில் ஒரு பெரிய அண்டா இருக்குது, அதை ஒருத்தர் சாய்த்துக்கொண்டே இருக்கிறார் என்று சொன்னான். அவளும் ரொம்ப நாள் அதை நம்பினாள்.

அவன் ஐ.டி.ஐ. படித்து பெருந்துறையில் ஒரு கம்பெனிக்கு ஷிப்டு வேலைக்குப் போனான். கூட வேலை பார்த்த மெர்சியைக் கட்டிக்கொண்டு அங்கேயே வீடு பார்த்து இருந்துவிட்டான். எழில் கம்ப்யூட்டர் படிப்புப் படித்தாள். கல்லூரியில் முதல் தடவை ஒரு பக்கத்தைத் திரையில் வைத்து, அதன் உள்எழுத்தைப் பிரித்துப் பார்த்தாளாம். திரையில் அவள் பெயரும் அவள் மார்க்கும் இருந்தன. உள்எழுத்திலும் அதேதான் இருந்தது. ஆனால் இவள் இன்னார், இவள் மார்க் இது என்று கண்டுபிடித்த மூளை அதற்குள் எங்கேயும் இல்லை. அது எங்கிருந்து வருது? கிணற்றைக் கேட்ட அதே கேள்வி. அன்றைக்குப் பிடித்தது இந்த வேலை.

அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். பக்கத்தில் இரண்டு வகை உண்டாம். ஒன்று அச்சடித்த கல்யாணப் பத்திரிகை மாதிரி. எழுதி வைத்தது வைத்ததுதான், யார் எடுத்தாலும் அதே எழுத்து. இன்னொன்று கேட்டால்தான் உண்டாகும். நாம் போனில் ஓர் இடத்தைத் தொடுகிறோம். அந்தத் தொடுதல் ஒரு கேள்வியாகக் கிளம்பி, எங்கேயோ ஒரு குளிர்ந்த அறையில் இருக்கிற மிஷினின் வாசலுக்குப் போய் நிற்கும். உள்ளே எழுதி வைத்திருக்கிற கட்டளைகள் அப்போதுதான் எழுந்திருக்கும். வந்தது யார், கேட்பது என்ன என்று பார்க்கும். அருகிலேயே விவரமெல்லாம் அடுக்கி வைத்த ஒரு கிடங்கு இருக்கும். அதனிடம் வேண்டியதைக் கேட்டு வாங்கி, பக்கத்தில் காலியாக விட்டிருக்கிற இடங்களில் நிரப்பி, முழுசாக்கி வாசலில் கொடுத்தனுப்பும். நம் கைக்கு வருவது அந்தப் பக்கம் மட்டும். கட்டளையில் ஒரு வரி வெளியே வராது. கொடுத்து முடித்ததும் வந்தவரை அது மறந்துவிடும். அதே ஆள் அடுத்த நிமிசமே திரும்பி வந்தாலும் முதலிலிருந்துதான் ஆரம்பிக்கும். அதனால் வருகிறவர் கையில் ஓர் அடையாளம் இருக்க வேண்டும்.

"இப்படி மறதி புடிச்சதை வெச்சுட்டு எப்படி அம்மணி பொழைக்கறே?" என்று கேட்டேன்.

"மறக்கறதுனாலதான் பெரீம்மா சலிக்காம அத்தனை பேருக்கும் பதில் சொல்லுது" என்றாள். சொல்லும்போது சிரிக்கவில்லை. ஜன்னல் வழியாகத் தென்னை ஓலை ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த அறை அவள் கனவில் வருமாம். ஒரு பக்கம் எழுந்து, கண் திறந்து, யாரோ ஒருத்தர் முகத்தைப் பார்த்துப் பேசிவிட்டு, பனி மாதிரிக் கலைந்து போகும். அது போன இடத்தில் இன்னொன்று எழும். சத்தமே இருக்காதாம்.

இனி நடந்ததைச் சொல்கிறேன்.

எங்கள் ஊர்ப் பக்கம் ஒருத்தர் வீட்டுக்கு வந்தால் வீட்டில் இருக்கிற ஒவ்வொருவரும் தனித்தனியாக "வாங்க" என்று கேட்க வேண்டும். மாமியார் கேட்டுவிட்டாள் என்று மருமகள் சும்மா இருக்க முடியாது. தொட்டில் பிள்ளையைத் தவிர எல்லோரும் கேட்க வேண்டும். பந்தியில் பாயசம் கிடைக்காவிட்டால்கூட மறந்துபோவார்கள். ஒரு வாய் வாங்கன்னு கேக்கல என்பதைப் பேரன் பேத்தி எடுக்கிற வரைக்கும் மறக்க மாட்டார்கள்.

எழிலுக்குப் பெண் பிறந்து தொட்டில் போட்ட நாள். தாய்மாமன்தான் தொட்டில் சேலையும் கொலுசும் கொண்டுவர வேண்டும். கௌதமன் மெர்சியோடு தட்டு எடுத்துக்கொண்டு காலையிலேயே வந்துவிட்டான். அந்த நேரம் பார்த்து எழிலுக்கு ஆபீசிலிருந்து போன். ஒரு பஸ் கம்பெனிக்கு அவள் செய்து கொடுத்த பக்கம் நின்றுபோயிருந்தது. தீபாவளிக்கு ஊருக்குப் போகிறவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் சீட்டுக் கேட்டு வந்து நிற்க, மிஷின் ஒவ்வொருவருக்கும் புதுசாகப் பக்கம் உண்டாக்கி உண்டாக்கி மூச்சுத் திணறி உட்கார்ந்துவிட்டது. இவள் உள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு காதில் போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். இதோ ஒரு நிமிசம் என்று நினைத்தாள். அவளுக்கு ஒரு நிமிசம்தான். வரப்பில் உட்கார்ந்திருந்த பிள்ளைக்குப் பொழுது எப்படிப் போனதோ அப்படிப் போயிருக்கிறது.

வாசலில் ஒரம்பரை, சொந்தபந்தம் அத்தனை பேரும் பார்க்க, நாற்காலியில் தட்டை மடியில் வைத்துக்கொண்டு கௌதமன் உட்கார்ந்திருந்தான். மாசாணி கேட்டாள், எழிலைக் கட்டிய மாப்பிள்ளை கேட்டார், நான் கேட்டேன். கூடப் பிறந்தவள் கேட்கவில்லை. வெயில் கால் வரைக்கும் வந்தபோது எழுந்தான். தட்டை நாற்காலியில் வைத்துவிட்டு மெர்சியைக் கூட்டிக்கொண்டு போய்விட்டான். பஸ் கம்பெனிப் பக்கத்தை உயிர்ப்பித்து எழில் வெளியே வந்தபோது நாற்காலியில் வெத்தலையும் சேலையும் கொலுசும் இருந்தன.

அதற்குப் பிறகு அவன் இவள் போனை எடுக்கவில்லை. மெர்சி எடுப்பாள், "ஷிப்டுக்குப் போயிருக்காருங்க" என்பாள். பின்னால் அவன் இருமுகிற சத்தம் கேட்கும்.

பாப்பாவுக்கு மூன்றாவது வயசு நடக்கிறது. கன்னிமார் கோயிலில் மொட்டை போட்டுக் காது குத்த வேண்டும். குத்தும்போது பிள்ளை தாய்மாமன் மடியில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

"பங்காளி ஊட்டுப் பசங்க ஒருத்தனை மாமன் முறைக்கு உக்கார வெச்சுக்கலாம் அம்மணி. ஊருல நடக்காததா?" என்று மாசாணி சொல்லிப் பார்த்தாள்.

"அண்ணன் வல்லீன்னா காது குத்தறதில்லீம்மா."

"அப்ப புள்ள மூளிக்காதோட இருக்கட்டுமா?"

"இருக்கட்டும்."

நேரில் போய்க் கூப்பிடலாம் என்றால் கதவைத் திறப்பானோ என்னவோ என்று பயம். அவளுக்குத் தெரிந்த வேலையில் இறங்கினாள். ஒரம்பரை ஒவ்வொருவருக்கும் போனில் ஒரு லிங்க் போகும். எல்லோருக்கும் ஒரே பக்கம்தான், ஆனால் லிங்க்கின் வாலில் ஆளுக்கொரு எண் ஒட்டியிருக்கும். தொட்டதும் மிஷின் வாலைப் பார்த்து, வந்தது இன்னார் என்று கிடங்கில் கேட்டு, முறை சொல்லிக் கூப்பிடும். வாங்க அத்தை. வாங்க சித்தப்பா. தனித்தனியாக.

முறைகளைச் சொல்லக் கூப்பிட்டது மாசாணியையும் என்னையும். அங்கேதான் மிஷின் திண்டாடியது.

"சென்னியப்பன் உங்கொப்பன் வழியில உனக்கு மாமன். என்ற வழியில அண்ணன்" என்றாள் மாசாணி.

"ரெண்டுல ஒண்ணு சொல்லும்மா. காலி இடம் ஒண்ணுதான் இருக்குது."

"ரெண்டும்தான் அம்மணி. பொண்ணு குடுத்துப் பொண்ணு எடுத்தா அப்படித்தான். உன்ற மிஷினுக்கு ஒறவு தெரியாதுன்னா நாங்க என்ன பண்றது?"

கடைசியில் அப்பன் வழி என்று முடிவு பண்ணினோம். எல்லோருக்கும் வார்த்தை ஒன்றுதான், முறைப்பேர் மட்டும் மாறும். கௌதமனுக்கு மட்டும் அவள் வேறு எழுதினாள். எங்களை வெளியே போகச் சொல்லிவிட்டு எழுதினாள்.

அனுப்புவதற்கு முன்னால் ஒவ்வொரு லிங்க்கையும் தொட்டுப் பார்த்தாள். எல்லாம் சரியாக வந்தது. பிறகு அவளுக்கு அந்தப் பயம் வந்துவிட்டது. இது சின்ன மிஷின். ஒரம்பரை எல்லோரும் காலை டீக்கு உட்கார்ந்து ஒரே நேரத்தில் தொட்டால், தொட்டில் போட்ட அன்றைக்கு நின்ற மாதிரி இதுவும் நின்றுபோனால்? அந்தப் பஸ் கம்பெனிக் கூத்துக்குப் பிறகு ஆபீசில் கூட வேலை செய்கிற அஃப்தாப் ஒரு வழி காட்டியிருந்தான். வாசலிலேயே ஒரு காவல்காரனை நிறுத்திவிடுவது. ஒரு தடவை உண்டாக்கிய பக்கத்தை அவன் நகல் எடுத்து வைத்துக்கொள்வான். அடுத்து வருகிறவர்களுக்கு நகலையே கொடுத்தனுப்புவான். உள்ளே இருக்கிற மிஷினுக்குச் சிரமம் இல்லை. சீட்டு விலை, பஸ் நேரம் என்று எல்லோருக்கும் பொதுவான பக்கங்களுக்கு நல்ல வழி. அதை இங்கேயும் போட்டாள். விடிந்தும் விடியாமலும், கறிவேப்பிலைச் செடியில் பனி சொட்டிக்கொண்டிருந்த நேரம், எல்லோருக்கும் லிங்க்கை அனுப்பிவிட்டு அடுப்பைப் பற்ற வைத்தாள்.

முதல் போன் சுப்பையன் தம்பி காளிச்சாமியிடமிருந்து. அவர் பேசினால் ஸ்பீக்கர் தேவையில்லை.

"ஏனம்மணி, நான் உனக்கு அண்ணனா? உங்கொப்பன் கூடப் பொறந்தவன் நானு!"

"சித்தப்பான்னுதானுங்க போட்டேன்..."

"வாங்கண்ணான்னு வந்திருக்குது. பாப்பாவ மடியில வெச்சுக்கோணும்ங்குது. என்ற மடி சும்மாத்தான் கெடக்குது, வெச்சுக்கறேன். ஆனா தாத்தன் மடியில குத்தறது எந்த ஊரு வழக்கம்?"

அடுத்தது எனக்குத் தெரியும், ஏனென்றால் அது நான்தான். எனக்கும் வாங்கண்ணா என்றுதான் வந்திருந்தது. இந்த வயசில் மீசை முளைத்துவிட்டதா என்று கன்னத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டேன். பிறகு சென்னியப்பன், பிறகு அவர் பெண்சாதி, பிறகு கோபியிலிருந்து அத்தை. எல்லோருக்கும் அண்ணன் பக்கம். எல்லோரும் அதைப் படித்துவிட்டார்கள்.

அதில் இவ்வளவுதான் இருந்தது.

"வாங்கண்ணா. அன்னைக்கு வாசல்ல உங்களை வாங்கன்னு கேக்காம உட்டது என் தப்புங்க. மிஷின் நின்னு போச்சுன்னு உள்ள உக்காந்திருந்தேன். நீங்க வெளிய உக்காந்திருந்தீங்க. பாப்பா உங்க மடியில உக்காந்தாத்தான் காது குத்தறது. நீங்க வல்லீன்னா குத்தறதில்லை."

எழில் அஃப்தாபுக்கு போன் பண்ணினாள். அவன் கேட்டுவிட்டு வயிறு வலிக்கச் சிரித்தான்.

"வாசல்ல நிக்கறவன்கிட்ட வாலையும் பாருன்னு சொன்னியா?"

"சொல்லலை."

"அப்புறம்? அவனுக்குப் பக்கத்தோட பேரு மட்டும்தான் தெரியும். மொதல்ல வந்தவங்களுக்கு உள்ள பண்ணுனதை நகல் எடுத்து, பின்னால வந்த அத்தனை பேருக்கும் அதையே குடுத்திருக்கான். நகலைத் தூக்கிப்போடு, சரியாயிரும்."

தூக்கிப்போட்டாள். உடனே சரியாகிவிட்டது. காளிச்சாமிக்குச் சித்தப்பா வந்தது, எனக்குப் பெரீம்மா வந்தது. ஆனால் அவள் அடுப்படியிலேயே நின்றுவிட்டாள். பால் பொங்கி வழிந்தது. மாசாணி ஓடி வந்து அடுப்பை அணைத்தாள்.

"அம்மா, மொதல்ல வந்தவங்க பக்கம்தான் எல்லாருக்கும் போயிருக்குது."

"அதைத்தான் அந்தப் பையன் சொல்லிட்டானே."

"போனது அண்ணன் பக்கம்மா. அப்படீன்னா மொதல்ல தொறந்தது அண்ணன். நான் அனுப்பிச்சதும் தொறந்திருக்குது."

மாசாணி முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டாள். லிங்க் போன நேரம் கௌதமன் ராத்திரி ஷிப்டு முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்துகொண்டிருப்பான். எல்லோரும் தூங்கிக்கொண்டிருக்கிற பஸ்ஸில், வெளியே பெருந்துறைப் புகையும் பனியும் ஒன்றாகக் கலந்திருக்கிறபோது, அவன் மட்டும் கையில் அந்த வெளிச்சத்தை வைத்துப் படித்திருக்கிறான். எழில் அதை நேரில் பார்த்த மாதிரியே சொன்னாள்.

ஆனால் வெயில் ஏறுவதற்குள் மெர்சி போன் பண்ணினாள். கௌதமனை எல்லோரும் கூப்பிட்டுவிட்டார்கள். உனக்குப் போட்டது எனக்கு வந்துருச்சுடா என்று ஆளாளுக்குக் கேலி. அவனுக்கென்று தனியாக வந்த வார்த்தை என்று நினைத்துப் படித்தது ஊர் முழுக்கப் போயிருக்கிறது என்று தெரிந்ததும் அவன் போனை அணைத்து அலமாரிக்குள் போட்டுவிட்டான்.

"காலைல வந்ததுலருந்து மூஞ்சி நல்லா இருந்துச்சு எழில். இப்ப சாப்பாடு வேண்டாங்கறாரு" என்றாள் மெர்சி.

எழில் ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு, பாப்பாவைத் தூக்கிக்கொண்டு அவிநாசிக்குப் போய் பெருந்துறை பஸ் ஏறினாள். என்னையும் கூட்டிப் போனாள். வழியெல்லாம் வேலி வேலமரங்கள் பின்னால் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு வந்தாள். பாப்பா அவள் தோளில் எச்சில் வடியத் தூங்கியது.

மெர்சி கதவைத் திறந்து, "வாங்க பெரீம்மா, வா எழில்" என்றாள். கௌதமன் கட்டிலில் சுவர்ப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தான். எங்களைப் பார்த்து எழுந்தான். என்னை "வாங்க பெரீம்மா" என்றான். அவளை ஒன்றும் சொல்லவில்லை.

"ஊரு பூரா படிச்சிருச்சு" என்றான் சுவரைப் பார்த்து.

"ஆமாங்கண்ணா."

"அதை நீ எழுதுனயா, மிஷினு எழுதுச்சா?"

"எல்லாருக்கும் மொறைப்பேரை எடுத்து வெச்சது மிஷினுங்கண்ணா. உங்களுக்கு மட்டும் அத்தனை எழுத்தும் நான் அடிச்சதுங்க. அதுக்கு அந்த மாதிரி எழுதத் தெரியாது."

"அப்பறம் எதுக்கு ஊருக்கெல்லாம் அனுப்பிச்சே?"

"தெரியாம போயிருச்சுங்கண்ணா. வாசல்ல நிறுத்துனது ஆளைப் பாக்காம எல்லாருக்கும் அதையே குடுத்திருச்சு." பாப்பாவை மறு தோளுக்கு மாற்றினாள். பிறகு அவள் குரல் மாறிவிட்டது. "போனதும் நல்லதுதான். நீங்க வாசல்ல உக்காந்திருந்ததை ஊரு பூரா பாத்துச்சு. நான் தப்புன்னு சொன்னதையும் ஊரு பூரா படிக்கட்டும். உங்ககிட்ட மட்டும் ரகசியமாச் சொல்லிப்போட்டு, உங்களை மட்டும் எல்லாரும் ரோசக்காரன்னு பேசறதா?"

மெர்சி சமையல் மேடையைத் துடைத்துக்கொண்டிருந்தாள், துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தாள். வெளியே ஒரு லாரி பின்னால் வருகிற சத்தம். கௌதமன் சுவரிலிருந்து திரும்பினான். அவன் கண் எழிலைப் பார்க்கவில்லை, பாப்பாவைப் பார்த்தது. அது அப்போதுதான் கண் விழித்து இவன் யார் என்று முறைத்துக்கொண்டிருந்தது.

"எந்த ஆசாரி குத்தறது?" என்றான்.

"கோயில்கிட்ட இருக்கறவருதானுங்க."

"அவருக்குக் கண்ணு தெரியாது. அன்னூர் ஆசாரியைக் கூட்டிட்டு வா."

"சரிங்கண்ணா."

"கம்மல் நான் வாங்கிட்டு வாரேன். நீ ஒண்ணும் எடுத்து வெக்காதே. மொட்டை எத்தனை மணிக்கு?"

"நீங்க வர்றப்பங்கண்ணா."

"அதெல்லாம் வேண்டாம். நேரத்தைச் சொல்லு, ஷிப்டு மாத்தோணும்" என்றான். மெர்சி அப்போதுதான் துணியைக் கீழே வைத்தாள். எனக்கு ஒரு டம்ளர் காபி, எழிலுக்கு ஒரு டம்ளர், பாப்பாவுக்கு ஆற்றின பால் என்று எல்லாம் வந்தது. எழில் குடிக்காமல் டம்ளரை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கண் திறந்திருந்தது, ஆள் எங்கேயோ போயிருந்தாள். ஆறிப்போகும் முன்னால் குடி என்று கௌதமன்தான் அதட்டினான்.

கன்னிமார் கோயிலில் ஆலமரத்துக்குக் கீழே பாய் விரித்துக் கௌதமனை உட்கார வைத்தார்கள். புதுவேட்டி. மடியில் மொட்டைத் தலையில் சந்தனத்தோடு பாப்பா. காளிச்சாமி தூரத்தில் நின்று, "மடி போதலைன்னா சொல்லு, என்றது இருக்குது" என்று கத்தினார். ஒரம்பரை முழுக்கச் சிரித்தது. கௌதமனும் சிரித்தான், பிறகு ஆசாரி கம்பியை எடுத்ததும் சிரிப்பு நின்றுபோனது.

வலது காதில் குத்தியபோது பாப்பா போட்ட சத்தத்தில் மரத்திலிருந்த காக்கையெல்லாம் கிளம்பிவிட்டன. அது மாமன் சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நெஞ்சில் முகத்தைப் புதைத்தது. வேட்டி நனைந்தது. இடது காதுக்கு ஆசாரி கம்பியைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்.

"மாமா, நீங்க கண்ணை மூடிக்கிட்டீங்கன்னா புள்ளை தலையை யாருங்க புடிக்கறது?" என்று அவனைக் கேட்டார்.

எழில் முன்னால் வந்து மண்டியிட்டு உட்கார்ந்தாள். அவள் ஒரு கை பாப்பா தலையிலும் ஒரு கை அண்ணன் தோளிலும் இருந்தது. "குத்துங்க ஆசாரி" என்றாள். கௌதமன் கண்ணைத் திறக்கவே இல்லை.